எந்தக் கதிர், எவ்வளவு, எந்த எலி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கதிர்வீச்சினால் எலிகளின் தோலில் உண்டாகும் புற்றுநோய்க்குப் பின்னால் இருக்கும் மரபணு மாற்றங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில் சென்ற வாரம் வெளியான செய்தியைப் படித்தேன். முப்பத்தோரு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட ஒரு பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று கால் பக்கம் ஒதுக்கியதைக் கண்டு முதலில் மகிழ்ச்சிதான் அடைந்தேன். ஆனால் எந்த வகைக் கதிர் என்பது அந்தச் செய்தியில் இல்லை. எவ்வளவு கதிர் என்பதும் இல்லை. எப்படிப்பட்ட எலி என்பதும் இல்லை. தலைப்போ கதிர்வீச்சு என்றாலே புற்றுநோய் என்று பொருள்படும்படி இருந்தது. போதாக்குறைக்கு, பக்கத்தில் மருத்துவமனையின் கதிரியக்கச் சிகிச்சை இயந்திரம் ஒன்றின் படத்தையும் அச்சிட்டிருந்தீர்கள்.

அந்தப் படம் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். புகையிலைப் பழக்கத்தால் இடது கன்னத்தின் உட்புறம் புற்று வந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போது கரண்ட் வைத்துக்கொண்டிருக்கிறார். கதிரியக்கச் சிகிச்சையை எங்கள் ஊரில் படித்தவர்களும் இப்படித்தான் சொல்கிறோம்; உடம்பில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள் என்ற அச்சம் அந்தப் பெயரிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் 30 நாள் சிகிச்சையில் 14 நாள் முடிந்திருந்தது. தங்கள் செய்தியை அவருடைய மருமகன் கத்தரித்துக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். மறுநாள் காலை அவர் மருத்துவமனைக்குக் கிளம்பவில்லை. ஏன் என்று கேட்கப் போன என்னிடம், “நல்லா இருந்த எலிக்கே கரண்ட் வெச்சுப் புத்து வர வெச்சுட்டாங்களாமுங்க சார். இருக்கறது போதாதுன்னு இன்னொண்ணு எதுக்குங்க?” என்றார். கத்தரித்த துண்டு, மாத்திரைப் பெட்டிக்கு அடியில் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

கேள்வி நியாயமானதுதான். செய்தி எழுதியவர் அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் எங்கள் தெருக்காரரின் திண்ணையில் உட்கார்ந்து நான் சொல்ல வேண்டியதாயிற்று. அங்கே சொன்னதையே சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுவது சுண்டெலி. எலி, சுண்டெலி, வெள்ளெலி, மூஞ்சூறு, பெருச்சாளி என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மொழியில் எல்லாவற்றையும் எலி என்று ஒரே கூடையில் போட வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய கூடை ஒன்று உண்டு. அதுதான் கதிர்வீச்சு என்னும் சொல். ஏற்காட்டு வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிரும் கதிர்வீச்சுதான். மருத்துவமனையின் எக்ஸ் கதிரும் காமா கதிரும் கதிர்வீச்சுதான். கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வருவதும் கதிர்வீச்சுதான். இவற்றில் கடைசியாகச் சொன்னதற்கு செல்லுக்குள் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையை நேரடியாக உடைக்கும் ஆற்றல் கிடையாது. அதை இங்கேயே விட்டுவிடலாம். முதல் இரண்டும் டி.என்.ஏ.வைக் காயப்படுத்துகின்றன. ஆனால் ஒன்று செய்யும் காயம் வேறு, மற்றொன்று செய்யும் காயம் வேறு. எலிகளின் கட்டிகளில் காணப்படும் மரபணு மாற்றங்கள் முக்கியத்துவம் பெறுவதே இந்த வேறுபாட்டினால்தான்.

இளம்பிள்ளைப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் என் வகுப்பில் பாதிப்பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு இதைப் பாவு நூலை வைத்துத்தான் விளக்குவேன். பாவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு இழைகள் கஞ்சிப் பிசினால் ஒட்டிக்கொண்டால் தறி நிற்காது, நெசவு ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் பூ பிசகிவிடும். புறஊதாக் கதிர் செய்வது இதைத்தான். டி.என்.ஏ.யில் தைமின், சைட்டோசின் என்னும் எழுத்துகள் அடுத்தடுத்து வரும் இடங்களில் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. செல் அந்த இடத்தைப் படியெடுக்கும்போது தடுமாறி, சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமினைப் பதிக்கிறது. சில சமயம் அடுத்தடுத்த இரண்டு சைட்டோசின்களும் சேர்ந்தே தைமின்களாக மாறிவிடுகின்றன. இந்த இரட்டை மாற்றத்தைப் பார்த்தால், இது வெயிலின் வேலை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். எக்ஸ் கதிரும் காமா கதிரும் பெரும்பாலும் இழைகளை ஒட்டவைப்பதில்லை. அறுத்துவிடுகின்றன, அதுவும் சில இடங்களில் டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளையும் ஒருசேர. அறுந்த பாவை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதுபோலச் செல்லும் சேர்க்கப் பார்க்கிறது. சேர்க்கும்போது நடுவில் ஒரு துண்டு விழுந்துபோகலாம். வேறு இழையோடு மாற்றிச் சேர்ந்தும் போகலாம். ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, “முடிச்சே போடாம விட்டுட்டா என்னங்க சார் ஆகும்?” என்று கேட்டான். பெரும்பாலும் அந்தச் செல் செத்துவிடும் என்றேன். கதிரியக்கச் சிகிச்சை முழுவதும் அந்த ஒரு பதிலின் மேல்தான் நிற்கிறது என்பதை அன்று சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இனி மரபணுக்களுக்கு வருகிறேன். சுண்டெலிகளின் மீது புறஊதாக் கதிரைப் பாய்ச்சித் தோல் புற்றுநோயை உண்டாக்க முடியும் என்பதை 1928இலேயே ஃபிண்ட்லே என்பவர் காட்டிவிட்டார். அந்தக் கட்டிகளில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்கும் வசதி 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும்தான் வந்தது. மனிதர்களின் தோலில் செதிள் செல்களில் தோன்றும் புற்றுநோயை ஆராய்ந்த டக்ளஸ் பிராஷும் அவருடைய சகாக்களும், பாதிக்கும் மேற்பட்ட கட்டிகளில் பி53 என்னும் மரபணு மாறியிருப்பதையும், அந்த மாற்றங்களில் மேலே சொன்ன வெயிலின் முத்திரை இருப்பதையும் 1991இல் வெளியிட்டார்கள். புறஊதாக் கதிர் பட்ட சுண்டெலிகளின் கட்டிகளிலும் பின்னர் அதே மரபணுவில் அதே முத்திரை காணப்பட்டது. ஒரு காட்டுத் தீ எங்கே பற்றியது என்பதைச் சாம்பலை வைத்துக் கண்டுபிடிப்பது போன்ற வேலை இது.

பி53 என்ன செய்கிறது என்பதில் சற்று நின்று போக விரும்புகிறேன். கடும் வெயிலில் சுட்டுப்போன தோலில், மீட்க முடியாத அளவுக்கு டி.என்.ஏ. சேதமடைந்த செல்கள் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கின்றன. அந்த முடிவை எடுப்பதில் பி53க்குப் பெரும்பங்கு உண்டு. பி53 இல்லாத சுண்டெலிகளின் தோலில் புறஊதாக் கதிரைப் பாய்ச்சியபோது இப்படி மாயும் செல்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததை 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. இதிலிருந்து வெளிப்படுவது சற்றுக் கொடுமையான கணக்கு. முதல் வெயில் ஒரு செல்லின் பி53ஐக் கெடுக்கிறது. அடுத்தடுத்த வெயிலில் சுற்றியிருக்கும் நல்ல செல்கள் நேர்மையாகச் செத்து இடம் விடுகின்றன. கெட்டுப்போன செல் மட்டும் சாகாமல் அந்தக் காலி இடத்தில் பெருகுகிறது. ஒரே வெயில் விதைக்கவும் செய்கிறது, பயிருக்குக் களையெடுத்தும் கொடுக்கிறது.

இதற்கு நேர்மாறாக, டி.எம்.பி.ஏ. என்னும் வேதிப்பொருளைத் தடவிச் சுண்டெலித் தோலில் கட்டியை உண்டாக்கும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் ஹெச்-ராஸ் என்னும் வேறொரு மரபணு. அதிலும் 61ஆவது மூவெழுத்துத் தொகுதியில் ஒரே ஒரு எழுத்து. புறஊதாக் கதிரால் வரும் கட்டிகளில் அந்த மாற்றம் அவ்வளவாகக் காணப்படுவதில்லை. தோல் ஒன்று, நோயின் பெயரும் ஒன்று, வந்த வழி மட்டும் வேறு. ஆகவே, எதனால் வந்த புற்றுநோய் என்று சொல்லாமல் மரபணு மாற்றங்களின் பெயர்களை மட்டும் அடுக்கினால், ஊர்ப் பெயரைச் சொல்லாமல் கதவு எண்ணை மட்டும் கொடுத்தது போலத்தான்.

அப்படியானால் எக்ஸ் கதிரால் தோல் புற்றுநோய் வருவதே இல்லையா என்றால், வரும். அதை மறைப்பதற்கு நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ராண்ட்கன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1902க்குள்ளாகவே, அந்தக் கதிரோடு வேலை பார்த்த ஒருவரின் கையில் தோல் புற்றுநோய் பதிவாகிவிட்டது. எடிசனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி தம் கைகளையே கதிருக்குக் காட்டிச் சோதித்துப் பார்த்து, கைகளை இழந்து, 1904இல் உயிரையும் இழந்தார். ஆனால் மரபணு வழியாகப் பார்க்கும்போது இதில் கவனிக்க வேண்டிய பாடம் பேட்ச்டு என்னும் மரபணுவில் இருக்கிறது. இது செல்லின் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் மரபணு. எல்லோருக்கும் தாய்வழியாக ஒன்றும் தந்தைவழியாக ஒன்றும் ஆக இரண்டு பிரதிகள் இருக்கும். பிறவியிலேயே ஒரு பிரதி பழுதாகப் பிறப்பவர்களுக்கு வரும் நோய்க்கு கார்லின் நோய் என்று பெயர். அதற்குக் காரணமான மரபணு இதுவே என்பது 1996இல் தெரியவந்தது. இவர்களில் சிலருக்குச் சிறுவயதில் மூளைக் கட்டிக்காகக் கதிரியக்கச் சிகிச்சை கொடுத்தபோது, கதிர் பட்ட இடத்துத் தோலில் மட்டும் பின்னர் ஏராளமான புற்றுக்கட்டிகள் முளைத்தன. ஒரு பிரதி மட்டுமே நல்லதாக இருக்கும் சுண்டெலிகளை வளர்த்துக் கதிரைப் பாய்ச்சியபோது அவற்றின் தோலிலும் அதே வகைக் கட்டிகள் வந்ததை 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. சாதாரணச் சுண்டெலிகளில் அந்த வகைக் கட்டியைக் காண்பது மிக அரிது. அறுக்கும் கதிர் மீதியிருந்த ஒரே நல்ல பிரதியையும் துண்டித்துப் போட்டால் கடிவாளம் முற்றிலும் போய்விடுகிறது. இரண்டு பிரதிகளும் நலமாக இருப்பவருக்கு அதே விபத்து நேர்ந்தாலும் இன்னொன்று மிஞ்சுகிறது. நல்லா இருந்த எலி என்று எங்கள் தெருக்காரர் சொன்னாரே, இத்தகைய ஆய்வுகளில் பயன்படும் சுண்டெலி பல சமயம் நல்லா இருந்த எலியே அல்ல. பிறக்கும்போதே ஒரு கால் கிணற்றில் வைத்துப் பிறந்த எலி.

அடுத்தது அளவு. கதிரின் அளவைக் கிரே என்னும் அலகால் குறிப்பார்கள். வாய்ப்புற்றுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வழக்கமாகக் கொடுப்பது ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 30 நாட்களில் 60 கிரே. இதில் பத்தில் ஒரு பங்கை உடல் முழுவதும் ஒரே நேரத்தில் பட விட்டால் ஆளையே கொன்றுவிடும்; ஒரு சிறு இடத்தில், நாள்தோறும், சனி ஞாயிறு ஓய்வு கொடுத்துச் செலுத்தும்போது நல்ல செல்கள் தம் முடிச்சுகளைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகின்றன, புற்றுச் செல்கள் அந்த அளவுக்கு எழ முடிவதில்லை. சிகிச்சை பெற்ற இடத்தில் பல ஆண்டுகள் கழித்து வேறொரு புற்று வரும் வாய்ப்பு சிறிதளவு உண்டு என்பதை மருத்துவர்களே சொல்கிறார்கள். அறுபது வயதைக் கடந்தவருக்கு, பல ஆண்டுகளுக்குப் பின் வரலாம் என்கிற அந்தச் சிறு வாய்ப்பு ஒரு தட்டிலும், இந்த ஆண்டே கன்னத்தில் திரும்பிவரக்கூடிய புற்று மறுதட்டிலும் இருக்கின்றன. சிகிச்சையை நடுவில் நிறுத்தினால் பயன் குறைகிறது. ஏனென்றால் இடைவெளியில் புற்றுச் செல்களும் பெருகிக்கொள்கின்றன. மார்புக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பதோ இந்தப் பேச்சுக்கே உரியதல்ல. அதில் உடம்பில் சேர்வது ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட் (கதிரால் உடம்புக்கு நேரக்கூடிய பாதிப்பை அளக்கும் அலகு இது), மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் சும்மா இருந்தாலே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் சேர்கிறது.

சுண்டெலிக்கும் நமக்கும் உள்ள வேறுபாட்டையும் செய்தியில் ஒரு வரியாவது குறிப்பிட்டிருக்கலாம். புறஊதாக் கதிர் ஆய்வுகளுக்கு மிகுதியாகப் பயன்படுவது மயிரும் இல்லாத, தோலில் நிறமியும் இல்லாத ஒரு சுண்டெலி வகை. அதன் மேல்தோல் இரண்டு மூன்று செல் அடுக்குத்தான். மேலும், புறஊதாக் கதிரால் ஒட்டிக்கொண்ட எழுத்துகளை மனிதச் செல்கள் டி.என்.ஏ. முழுவதும் தேடித் தேடிப் பிரித்துச் சரிசெய்கின்றன. சுண்டெலிச் செல்களோ, அப்போது பயன்பாட்டில் இருக்கும் மரபணுக்களைச் சரிசெய்துவிட்டு மற்ற இடங்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகின்றன. நம் ஊர்க் கறுப்புத் தோலில் இருக்கும் மெலனின் அந்தக் கதிரின் பெரும்பகுதியைச் செல்லின் உட்கருவுக்குப் போகுமுன்பே தடுத்துவிடுகிறது. ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைகளின் களத்தில், காய்கிற வெள்ளை மாவிலிருந்து கண் கூசும்படி வெயில் திருப்பி அடிக்க, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் ஜவ்வரிசி துழாவும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தோல் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு அந்த நிறமிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நிறமியே இல்லாமல் பிறப்பவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி சொல்லும் சேதி நம்மில் யாருக்காவது நேரடியாகப் பொருந்துமானால் அவர்களுக்குத்தான். அவர்கள் ஏற்காட்டின் குளிரை நம்பிவிடவும் கூடாது. மலை ஏறினால் வெப்பம் குறையும், புறஊதாக் கதிர் கூடும்.

இன்னொருவருக்கும் அது பொருந்தும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. நான் பணிக்குச் சேர்ந்த புதிதில் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முகம், கழுத்து, முன்கை எல்லாம் எள்ளை வாரி இறைத்ததுபோல் கரும்புள்ளிகள். உதடு எப்போதும் வெடித்திருக்கும். வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க மாட்டான். பெற்றோர் மாமனும் அக்காள் மகளும். காலை வழிபாட்டில் நிற்காமல் வேப்பமரத்தடிக்கு ஓடுகிறான் என்று அவனை வெயிலில் தனியாக நிற்க வைத்தவன் நான்தான். அவனுக்கு என்ன நோய் என்பது அவன் பள்ளியை விட்டுப் போன பிறகு, ஒரு மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்பது அதன் பெயர். வெயில் ஒட்டவைத்த எழுத்துகளைப் பிரித்துச் சரிசெய்யும் மரபணுக்களில் ஒன்று தாய், தந்தை இருவர் வழியாகவும் பழுதாக வந்தால் இந்த நோய் வரும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடும். இவர்களுடைய செல்களால் அந்தப் பழுதைச் சரிசெய்ய முடிவதில்லை என்பதை ஜேம்ஸ் கிளீவர் 1968இலேயே காட்டியிருந்தார். அந்த மரபணுக்களில் ஒன்றை நீக்கிய சுண்டெலிகள் 1995இல் உருவாக்கப்பட்டன. சிறிதளவு புறஊதாக் கதிருக்கே அவற்றின் தோலில் புற்று வந்தது. தங்கள் செய்தியில் இந்தப் பகுதிக்கு இரண்டு வரி கொடுத்திருந்தால், இரண்டு வயதுக்குள் வெயில் பட்ட இடத்தில் மட்டும் கரும்புள்ளி விழும் குழந்தையைத் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று நம் மாவட்டத்தில் ஒரு தாய்க்காவது தோன்றியிருக்கும்.

எங்கள் தெருக்காரர் நான்கு நாள் விட்டுவிட்டு, ஐந்தாம் நாள் மருத்துவமனைக்குப் போனார். என் பேச்சைவிட, சிகிச்சை அறையின் செவிலியர் தொலைபேசியில் போட்ட சத்தம்தான் அவரைக் கிளப்பியது என்று நினைக்கிறேன். விடுபட்ட நாட்களை ஈடுகட்ட இரண்டு சனிக்கிழமைகளிலும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை எழுதும் இன்று அவருக்கு 19ஆவது நாள்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். அந்தச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், பாய்ச்சியது எந்தக் கதிர், எத்தனை கிரே, எந்த மரபணுவை முன்கூட்டியே மாற்றிய சுண்டெலி என்னும் விவரங்களை ஒரு விளக்கமாக வெளியிடுங்கள். சிகிச்சை இயந்திரத்தின் படம் அந்த ஆய்வுக்கு உரியதல்ல என்றால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது. மாத்திரைப் பெட்டிக்கு அடியில் இருக்கும் துண்டை எடுத்துவிட்டு அதை வைக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.